படகில் ஸ்பீக்கர்: வாங்கும் முன்பும் துளை போடும் முன்பும் பார்க்க வேண்டியவை

படகில் மாட்டிய ஸ்பீக்கர் கெட்டுப்போகும்போது அதன் முன்முகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிரில் பளபளக்கும், கூம்பில் ஒரு கீறலும் இருக்காது. கழற்றித் திருப்பினால்தான் காரணம் தெரியும். டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், வயருக்குள் செம்பு கறுத்திருக்கும், காந்தத்தைச் சுற்றித் துரு செதில் செதிலாக உதிரும். அலையும் மழையும் அடிப்பது முன்னால். ஈரமும் உப்பும் போய்த் தங்குவது பின்னால். அதனால் எந்த ஸ்பீக்கர் வாங்குவது, எங்கே துளை போடுவது, எந்த வயர் இழுப்பது என்று எதை முடிவு செய்தாலும், அதன் பின்பக்கத்தை முதலில் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கார் ஸ்பீக்கர் ஏன் தாங்காது

6.5 அங்குலக் கார் ஸ்பீக்கரும் அதே அளவுள்ள படகு ஸ்பீக்கரும் ஏறக்குறைய ஒரே துளையில் உட்காரும். விலை குறைகிறதே என்று பலர் கார் ஸ்பீக்கரை மாட்டிவிடுகிறார்கள். அதில் காகிதக் கூம்பு இருந்தால் ஈரத்தை உறிஞ்சி ஊறும். விளிம்பைச் சுற்றிய வளையம் ஃபோமாக இருந்தால் வெயிலில் பொடியும். சட்டம் இரும்புத் தகடு என்றால் துருப்பிடிக்கும்.

இவற்றைவிட முக்கியமான சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. காந்தத் தகட்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய வளைய இடைவெளி ஒன்று உண்டு. அதற்குள்தான் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் முன்னும் பின்னும் ஓடுகிறது. காயிலின் இருபுறமும் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தகட்டில் ஏறிய துரு உப்பி அந்த இடத்தை அடைக்கும்போது காயில் உரசுகிறது. முதலில் பாட்டின் மெல்லிய இடங்களில் சன்னமான கரகரப்பு கேட்கும். நாளாக ஆகக் காயிலின் எனாமல் தேய்ந்து ஷார்ட் ஆகும். பழைய ஸ்பீக்கர் ஒன்றைச் சோதிக்க, நான்கு விரல்களைக் கூம்பில் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் விரலுக்கே தெரியும். தெரிந்தால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

படகுக்கென்று செய்தவற்றில் பாலிப்ரோப்பிலீன் கூம்பு, ரப்பர் வளையம், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள் இருக்கும். காந்தத்தின் மேல் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறையும், ஒலியைத் தாழ்ந்தது, கூர்மையானது என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் பலகையின் மேல் ஈரம் புகாத பூச்சும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விளம்பரப் படங்களில் முன்முகம்தான் இருக்கும். பின்பக்கப் படம் கிடைக்காத ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

ஐபி எண் இரண்டு இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 65 என்றால் தூசி புகாது, குழாயிலிருந்து பாயும் நீரையும் தாங்கும். ஐபி 66 அதைவிடப் பலமான பாய்ச்சலுக்கு; அந்தச் சோதனையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரை அடிப்பார்கள். ஐபி 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 7 என்பது 5-ஐயும் 6-ஐயும் உள்ளடக்கியது அல்ல. அசையாத நீரில் மூழ்கித் தேறிய பொருள் பாயும் நீரிலும் தேறும் என்று அந்த எண் சொல்லவில்லை. இரண்டு சோதனையிலும் தேறியிருந்தால் ஐபி 66/67 என்று இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். மேல்தளத்துக்கும் படகின் முன்பகுதிக்கும் தேவைப்படுவது 5 அல்லது 6. அங்கே ஸ்பீக்கர் நீரில் மூழ்கிக் கிடப்பதில்லை, அடிதான் வாங்குகிறது.

அந்த எண் ஸ்பீக்கரின் எந்தப் பகுதிக்கு என்பதையும் பாருங்கள். பல தயாரிப்புகளில் அது முறையாகப் பொருத்தப்பட்ட நிலையில் முன்முகத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். மேலும் ஐபி சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பையும் வெயிலையும் அது தொடுவதே இல்லை. உப்புக்கு ஏஎஸ்டிஎம் பி117 என்ற சோதனை இருக்கிறது. 35 டிகிரி செல்சியஸில் 5 சதவீத உப்பு நீரைப் புகையாகத் தெளிப்பார்கள். எத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. புற ஊதாக் கதிருக்கு ஏஎஸ்டிஎம் டி4329 என்று போட்டிருப்பார்கள்.

வாட் கணக்கில் பீக், மேக்ஸ் என்று இருக்கும் எண்களை ஒதுக்கிவிட்டு தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். அதைவிட, படகில் சென்சிடிவிட்டி என்ற எண் பெரிய வித்தியாசத்தைத் தரும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பதுதான் அது. 3 டெசிபெல் கூடுவது, ஆம்ப்ளிஃபயர் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும். பேட்டரியை மட்டுமே நம்பியிருக்கும் படகில் இந்த மிச்சம் பெரியது. வீட்டு அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். திறந்த படகில் அந்த உதவி கிடையாது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போய்விடும். போதாததற்கு இன்ஜின் இரைச்சலும் காற்றும் உண்டு.

இதனால்தான் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட நான்கு 6.5 அங்குல ஸ்பீக்கர்களை ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்து மிதமாக ஒலிக்கவிடுவது நல்லது என்கிறோம். கேட்பவர் பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் கூட்டவே தேவையில்லை. தண்ணீரின் மேல் ஒலி வெகுதூரம் போகும் என்பதால், பக்கத்தில் நங்கூரமிட்டவர்களுக்கும் அதுவே நிம்மதி.

எல்இடி விளக்கு வைத்த ஸ்பீக்கர் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின் 20-ஆம் விதி, வழிகாட்டி விளக்கு என்று தவறாக எண்ணத்தக்க வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்கிறது. முன்பகுதி ஸ்பீக்கரில் சிவப்பும் பச்சையும் எரிய இரவில் ஓடினால், எதிரே வருபவர் உங்கள் படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குழம்புவார். ஓடும்போது அணைத்துவைக்கத் தனி சுவிட்ச் போடுங்கள்.

இடம் பார்ப்பது

நேரம் அதிகம் செலவிட வேண்டியது இதில்தான். நல்ல இடத்தில் சுமாரான ஸ்பீக்கர் பல பருவங்கள் உழைக்கும். கெட்ட இடத்தில் எதுவும் உழைக்காது.

முதலில் ஒதுக்க வேண்டிய இடங்கள்: படகின் வெளி உடல், பின்சுவர், நீர்புகாத் தடுப்புச் சுவர்கள். இவற்றில் 130 மில்லிமீட்டர் துளை போடுவது, படகு மிதப்பதற்கான ஏற்பாட்டிலேயே கை வைப்பது. துளை உள்பக்க லைனரிலோ, உட்காரும் இடத்தைச் சுற்றிய உள்சுவரிலோ, இருக்கை அடிப்பெட்டியின் பக்கவாட்டிலோதான் இருக்க வேண்டும். வானம் பார்க்கும்படி கிடைமட்டமாக ஒருபோதும் வைக்காதீர்கள். கூம்பில் தேங்கும் நீர் வடிய வழியில்லை. வெயிலும் நேராக அடிக்கும்.

பெட்ரோல் இன்ஜின் அறையும் பெட்ரோல் டேங்க் இருக்கும் அறையும் அறவே கூடாது. அங்கே வைக்கும் மின்சாதனம் எதுவானாலும் பொறி வெளியே வராதபடி காப்புச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர்களுக்கும் ஸ்டீரியோக்களுக்கும் சாதாரணமாக அது இருப்பதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். ஒரு பொறி போதும்.

அடுத்து காம்பஸ். ஸ்பீக்கரின் காந்தம் ஊசியை இழுக்கும். கையேட்டில் பாதுகாப்பான தூரம் போட்டிருந்தால் அதன்படி வையுங்கள்; இல்லையென்றால் குறைந்தது 1 மீட்டர், பாஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு அதைவிட அதிகம். கண்ணெதிரே இருக்கும் காம்பஸை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். தானியங்கிச் சுக்கானின் மின்னணு காம்பஸான ஃப்ளக்ஸ்கேட் ஏதாவது பெட்டிக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ மறைந்திருக்கும், அதை மறந்துவிடுவார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் துளை போடாதீர்கள். சோதிப்பது எளிது. துளை போடும் முன் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து, வைக்கப்போகும் இடத்தில் காட்டுங்கள். ஒருவர் காம்பஸைப் பார்க்கட்டும். ஊசி சிறிது அசைந்தாலும் இடத்தை மாற்றுங்கள்.

ஓட்டுபவரின் தலைக்கு நேரே, விஎச்எஃப் வானொலியின் மைக்குக்குப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். அதே மோதல் தவிர்ப்பு விதிகளில் 5-ஆம் விதி கண்ணாலும் காதாலும் கண்காணிக்கச் சொல்கிறது. பாட்டு ஓடும்போதும் வானொலி அழைப்பு ஓட்டுபவருக்குக் கேட்க வேண்டும். ஓட்டுமிடத்துக்குத் தனி வால்யூம் கட்டுப்பாடு இருக்கும்படி மண்டலம் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஒலியைப் பொறுத்தவரை உயரமும் முகமும் முக்கியம். கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகும். முழங்கால் உயரத்தில் வைத்தால் அது ஆட்களின் காலில் மோதி அடங்கிவிடும். பாடுபவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். உட்கார்ந்தவரின் இடுப்புக்கு மேல், எதிர்ப்பக்க இருக்கையைப் பார்த்தபடி வைப்பது சிறந்தது. வேறு இடமில்லை என்றால் கூர்மையான ஒலியைத் தரும் ட்வீட்டரைத் திருப்பிச் சாய்க்க முடிகிற மாடலை வாங்குங்கள்.

பாஸ் ஒலிக்குப் பின்பக்கம் அடைபட்டிருக்க வேண்டும். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். உள்சுவருக்குப் பின்னால் இடம் திறந்து, இருக்கைக்கு அடியாகப் படகுக்குள்ளேயே காற்று வந்து போகிறது என்றால், எத்தனை வாட் கொடுத்தாலும் பாஸ் வராது. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் பிளாஸ்டிக் பெட்டியோ மூடிய செல் கொண்ட ஃபோம் கிண்ணமோ மாட்டுங்கள். அது பாஸையும் காக்கும், பின்பக்கம் வந்து விழும் நீரையும் தடுக்கும். கிண்ணத்தின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கட்டும். சாமான் வைக்கும் பெட்டிக்குள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் இந்த மூடி கட்டாயம். நங்கூரக் கயிறோ உயிர்காப்பு உடுப்போ ஒரு முறை இழுத்தால் டெர்மினல் கழன்று வரும்.

வயர்

தகரப் பூச்சு பூசிய பல இழைச் செம்பு வயரைத் தவிர வேறெதையும் படகில் போடாதீர்கள். பூச்சில்லாத வயரில், உரித்த முனையிலிருந்து உப்பு நீர் இழைகளுக்கு இடையே ஏறி, உறைக்குள்ளேயே நெடுந்தூரம் ஊர்ந்து போகும். கெட்டுப்போன முனையை வெட்டி உரித்தால் கறுப்பு, இன்னும் ஒரு சாண் தள்ளி உரித்தாலும் கறுப்பு. அந்தக் கறுத்த செம்பில் புது டெர்மினல் பிடிக்காது. முழு வயரையும் மாற்ற வேண்டிவரும்.

தடிமனைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். போகும் வயர், திரும்பும் வயர் இரண்டின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் (பெட்டியில் ஓமில் போட்டிருக்கும் எண்) 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்ல வரம்பு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.2 ஓம். 16 கேஜ் வயர், அதாவது 1.3 சதுர மில்லிமீட்டர், ஒரு வழித் தூரம் ஏழரை மீட்டர் வரை இந்த வரம்புக்குள் இருக்கும். 14 கேஜ், 2.1 சதுர மில்லிமீட்டர், 12 மீட்டர் வரை போகும். அதற்கும் மேலே 12 கேஜ். தூரத்தை வயர் போகும் வழியிலேயே அளந்து பாருங்கள். நேர்கோட்டில் 4 மீட்டர் இருப்பது வளைந்து நெளிந்து 7 மீட்டர் ஆவது படகில் சாதாரணம்.

வயரை 45 சென்டிமீட்டருக்கு ஒரு முறை ரப்பர் வைத்த கிளாம்பால் கட்டுங்கள். தடுப்புகளைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போடுங்கள். வெட்டிய ஃபைபர் விளிம்பு, படகின் அதிர்வில் வயர் உறையை அறுத்துவிடும். படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கும் நீர் தொடும் மட்டத்துக்கு மேலேயே எல்லா வயரும் ஓட வேண்டும். ஸ்பீக்கர் வயரும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் மின்சார வயரோடு ஒரே கட்டில் போகக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். காம்பஸுக்குப் பக்கமாக டிசி மின்சார வயர் போக வேண்டியிருந்தால் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஊசியை இழுக்கும்.

துளை போடுதல்

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஜிக்சா, அதற்குக் கீழ்நோக்கி வெட்டும் பல் கொண்ட நுண்ணிய பிளேடு, டிரில், மாஸ்கிங் டேப், எபாக்ஸி, 90 டிகிரி வளைத்த ஒரு தடிமனான கம்பி, தூசி வடிகட்டும் முகமூடி, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

பெட்டியில் வந்த காகித அச்சை ஸ்பீக்கரின் மேலேயே வைத்து ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இணையத்திலிருந்து அச்செடுத்ததாக இருந்தால் அளவு மாறியிருக்கலாம். ஸ்பீக்கரின் பெயரளவு 6.5 அங்குலமாக இருந்தாலும் துளையின் விட்டம் சுமார் 130 மில்லிமீட்டர்தான். மாடலுக்கு மாடல் சில மில்லிமீட்டர் மாறும். துளை பெரிதாகிவிட்டால் திருகுக்குப் பிடிமானம் இருக்காது.

மையத்தில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று மட்டும் போடுங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி, சுவரின் தடிமனைத் தாண்டி உள்ளே பாயாதபடி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வளைத்த கம்பியை உள்ளே விடுங்கள். வளைந்த கை 70 மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். அதைச் சுற்றிலும் மெதுவாகச் சுழற்றினால் ஸ்பீக்கர் உட்காரப்போகும் வட்டம் முழுவதும் தட்டிப் பார்த்ததாகிவிடும். எதிலாவது முட்டினால் நிறுத்துங்கள். அது எரிபொருள் குழாயாகவோ, சுக்கான் கேபிளாகவோ, வலுவூட்டும் கட்டையாகவோ இருக்கலாம். சிறிய கேமரா ஒன்று இருந்தால் அதே துளை வழியாகவே உள்ளே பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் ஆழத்தோடு இன்னும் 20 மில்லிமீட்டர் சேர்த்து இடம் இருக்கிறதா என்றும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். இடம் சரியில்லை என்றால் 6 மில்லிமீட்டர் துளையை எபாக்ஸி வைத்து மூடிவிட்டு வேறு இடம் போகலாம். 130 மில்லிமீட்டர் துளைக்கு அந்த வசதி இல்லை.

இடம் உறுதியானதும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் வட்டம் வரையுங்கள். ஜிக்சாவின் அடித்தகட்டிலும் டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டில் கோடு கோடாகக் கீறல் விழும். சாதாரண பிளேடு மேல்நோக்கி வெட்டும்போது ஜெல்கோட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும், அதனால்தான் கீழ்நோக்கி வெட்டும் பல் தேவை. வட்டமாக வெட்டும் ஹோல் சா பயன்படுத்துவதாக இருந்தால் ஜெல்கோட் அறுபடும் வரை டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, பிறகு முன்னோக்கி ஓட்டுங்கள். வெட்டும்போதே வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் பிடித்திருங்கள். ஃபைபர் துகள் பில்ஜுக்குப் போனால் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும்.

வெட்டிய விளிம்பை இப்போது பாருங்கள். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரமோ ஃபோமோ தெரிந்தால் அது கோர் வைத்த சுவர். நீர் அதில் ஏறினால் மரம் அழுகி, சுவர் மெத்தென்றாகிவிடும். விளிம்பைச் சுற்றி 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோரைச் சுரண்டியெடுத்து, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை நிரப்பி இறுகவிடுங்கள். திருகுத் துளைகள் அந்த எபாக்ஸியில்தான் விழ வேண்டும். திருகுகள் விளிம்பிலிருந்து தள்ளி விழுவதாக இருந்தால் அவற்றுக்கும் தனித்தனியே பெரிய துளை போட்டு எபாக்ஸி நிரப்பி, அதன் நடுவில் திருகுக்குத் துளையிடுங்கள். திட ஃபைபராக இருந்தாலும் வெட்டிய விளிம்புக்கு ஒரு பூச்சு எபாக்ஸி கொடுத்துவிடுங்கள்.

4.2 மில்லிமீட்டர் திருகுக்கு 3.5 மில்லிமீட்டர் பிட் போதும். துளை போட்டதும் அதன் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரிவாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் திருகு இறங்கும்போது ஜெல்கோட்டைத் தூக்கிவிடும். சில மாதங்களில் ஒவ்வொரு திருகிலிருந்தும் நட்சத்திரம்போல் விரிசல் ஓடும்.

மாட்டுதல்

டெர்மினல்களை, சூட்டில் சுருங்கும் பசை தடவிய உறை (ஹீட் ஷ்ரிங்க்) உள்ள, நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் வகையில் போடுங்கள். கிரிம்ப் செய்து, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, பிறகு சூடுகாட்டுங்கள். இரு முனையிலும் பசை சற்றுப் பிதுங்கி வெளியே தெரிந்தால் நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். வெறும் சால்டரை மட்டும் நம்பாதீர்கள். சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்று போகும்.

பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. வயரில் குறியில்லை என்றால், மறுமுனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸுக்குப் போயிருந்தால் கூம்பு வெளியே வரும். மாறியிருந்தால் உள்ளே போகும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று மட்டும் மாறினாலும் பாஸ் காணாமல் போகும்.

ஸ்பீக்கரை அதன் டெர்மினல் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்புங்கள். வயர் டெர்மினலிலிருந்து கிளம்பியதும் சில சென்டிமீட்டர் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியாக ஊர்ந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், டெர்மினலைத் தொடாது. பின்னாளில் கழற்ற வசதியாக 30 சென்டிமீட்டர் வயரைக் கூடுதலாக விட்டுக் கட்டுங்கள். கிரில்லில் நீர் வடியும் வெட்டு இருந்தால் அது கீழே வர வேண்டும்.

சுவர் சமதளம்தானா என்று ஸ்பீக்கரின் விளிம்பை வைத்துப் பாருங்கள். எங்காவது 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அதைத் திருகை முறுக்கி மூடப் பார்க்காதீர்கள். சட்டம் வளைந்து காயில் உரசும். வளைவுக்கு ஏற்பத் தேய்த்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றை இடையில் வையுங்கள்.

சீலன்ட் பற்றி எங்கள் கருத்து உறுதியானது. உடன் வரும் ஃபோம் கேஸ்கெட் போதும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் பியூட்டைல் டேப் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையைத் தொடாதீர்கள், மறுபடி கழற்றும்போது ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். பாலிசல்ஃபைடு சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். காடி வாசம் அடிக்கும் சிலிக்கோன் செம்பைக் கறுக்கவைக்கும். சிலிக்கோன்தான் வேண்டுமென்றால் நியூட்ரல் வகை வாங்குங்கள்.

திருகுகளைக் கையாலேயே, எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். கேஸ்கெட் பாதித் தடிமனுக்கு அமுங்கியதும் நிறுத்துங்கள். அலுமினியப் படகாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் திருகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே அரிப்பைத் தடுக்கும் பசை தடவி, நைலான் வாஷர் போடுங்கள். வேக்போர்டு டவரில் (படகின் மேலே நிற்கும் குழாய்ச் சட்டம்) மாட்டும் குழல் ஸ்பீக்கர்களுக்குத் துளை தேவையில்லை, கிளாம்ப் போதும்; குழாயின் விட்டத்தை அளந்து கிளாம்ப் வாங்குங்கள்.

ஆம்ப்ளிஃபயரும் மின்சாரமும்

4 சேனலுக்கும் தலா 50 வாட் ஆர்எம்எஸ் என்றால் மொத்தம் 200 வாட். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் முழுச் சத்தத்தில் 13.8 வோல்ட்டில் சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். 20 ஆம்பியருக்கு, ஒரு வழி 4 மீட்டர் தூரத்துக்கு, வோல்ட்டேஜ் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க 8 கேஜ் வயர் வேண்டும். ஃபியூஸ் அளவை ஆம்ப்ளிஃபயர் கையேட்டிலிருந்து எடுங்கள். வயர் தாங்கும் அளவை அது தாண்டக் கூடாது. அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டருக்குள் என்கிறது. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் வயருக்கு எந்தக் காப்பும் இல்லை என்பதால்தான் அந்த வரம்பு.

ஸ்பீக்கரின் மைனஸ் வயரைப் படகின் பொது மைனஸோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. சேர்த்தால் அவுட்புட் பகுதி எரியும். ஒரு சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் தாங்கும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியில் ஸ்டீரியோவை ஓட்டாதீர்கள், தனி பேட்டரி வையுங்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் நினைவகத்துக்காக எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் கட்டிப்போடும் படகில் அதுவே பேட்டரியைக் காலி செய்யும். மஞ்சள், சிவப்பு இரண்டையும் சுவிட்ச் வழியாகவே கொடுத்துவிடுங்கள். நிலைய நினைவு அழிவது சிறு தொந்தரவுதான்.

ஆம்ப்ளிஃபயர் ஒலியை எவ்வளவு பெருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கெயினைச் சரிசெய்ய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஃபில்டர்களையும் சமன்படுத்தியையும் அணைத்து, 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓட்டுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அவுட்புட்டை அளந்தபடி கெயினை ஏற்றுங்கள். 50 வாட், 4 ஓமுக்கு 14.1 வோல்ட், 75 வாட்டுக்கு 17.3 வோல்ட். அந்த எண் வந்ததும் நிறுத்திவிட்டு, ஆழமான பாஸை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். 6.5 அங்குலக் கூம்பைத் திறந்த வெளியில் ஆழமான பாஸுக்கு வற்புறுத்தினால் காயில் சூடாகிக் கருகும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் இன்ஜினை அணைத்தபடி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். பிறகு இன்ஜினைக் கிளப்புங்கள். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் நுழைகிறது என்று பொருள். ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மைனஸ் ஒரே இடத்தில் சேர்கிறதா என்றும், ஆர்சிஏ கேபிள் மின்சார வயரோடு உரசிப் போகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அடுத்து விஎச்எஃப் வானொலியில், பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சை இரைச்சல் மறையும் இடத்தில் நிறுத்தி, ஸ்டீரியோவையும் ஸ்பீக்கர் விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். வானொலி உடனே இரையத் தொடங்கினால் ஆம்ப்ளிஃபயரோ எல்இடி கட்டுப்படுத்தியோ ஆன்டெனாவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தள்ளி வைக்காமல் கடலுக்குப் போகாதீர்கள். உதவி கேட்கும் கருவி அது. காம்பஸையும் இப்போது இன்னொரு முறை, பாட்டு ஓடும்போதும் நின்றபோதும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தண்ணீர். சாதாரணக் குழாயால் முகத்தில் சில நிமிடம் அடியுங்கள், பிரஷர் வாஷர் வேண்டாம். ஒருவர் பின்பக்கம் டார்ச்சோடு நின்று, கேஸ்கெட்டைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்கட்டும். காகிதம் நனைந்தால் அந்த இடத்துத் திருகைக் கூடுதலாக முறுக்காதீர்கள். கழற்றி, கேஸ்கெட் மடிந்திருக்கிறதா, சுவர் வளைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள்.

அதன் பிறகு உப்பு நீரில் போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மென்மையான சோப்பு போதும்; அசிட்டோனும் பிளீச்சும் கூம்பையும் ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்பீக்கரையாவது கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்ற நேரமில்லை என்றால் படகின் முன்பகுதியில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிக அலை வாங்குவது அதுதான், டெர்மினலில் பச்சை முதலில் பூப்பதும் அங்கேதான்.